விடுதலைப் பத்திரம் யாருக்கு விடுதலை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணவரை இழந்த பெண்களின் மறுவாழ்வு என்றாலே உதவித்தொகை, தையல் எந்திரம், மறுமணம் என்றுதான் பேச்சு போகிறது. அவை வேண்டியவைதான். ஆனால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வீட்டுத் திண்ணையில் எழும் விடுதலைப் பத்திரப் பேச்சை, அதாவது சொத்தில் தன் பங்கை மற்ற வாரிசுக்கு விட்டுக்கொடுத்து எழுதித் தரும் பேச்சை, அநேகமாக யாரும் எழுதுவதில்லை.

என் தந்தை எங்கள் ஊரில் மாவு மில் நடத்தி வந்தார். உயில் எழுதாமலே காலமானார். காரியத்துக்கு வந்த உறவினர்கள் கிளம்புவதற்குள், "பையன் பேர்ல எழுதி வச்சிடும்மா, நாளைக்கு நீ எங்கேயும் அலைய வேண்டாம்" என்று பெரியப்பா அம்மாவிடம் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அண்ணனும் கேட்டு வாங்கவில்லை. ஊர் வழக்கம் அப்படி. அம்மா மட்டும், "ஒரு வருஷம் போகட்டும்" என்றார்.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலின்றி இறந்தவரின் சுயசம்பாத்தியச் சொத்தில் மனைவிக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும், இறந்தவரின் தாய் இருந்தால் அவருக்கும் சமபங்கு உண்டு. பாட்டி முன்பே காலமாகிவிட்டதால் எங்கள் வீட்டில் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு. அதே சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி அது ஆயுள் வரைக்குமான அனுபவ பாத்தியம் அன்று, முழு உரிமை; விற்கவும் அடமானம் வைக்கவும் யாருடைய சம்மதமும் தேவையில்லை. முப்பது ஆண்டுகள் அந்த மில்லுக்குச் சாப்பாடு கொண்டுபோன அம்மாவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர், வாரிசுச் சான்றிதழுக்கு மனு எழுதித் தந்த ஒரு பத்திர எழுத்தர்தான். படித்த நாங்கள் அல்லர்.

அந்த ஒரு வருஷத்தில் அம்மாவே மில்லைத் திறந்தார். அரிசி அரைத்த பிறகு மிளகாயா, மிளகாய்க்குப் பிறகு மல்லியா என்ற வரிசையில் தொடங்கி, கல் கொத்துபவரிடம் கூலி பேசுவது வரை கற்றுக்கொண்டார். வங்கியில், "பையனைக் கூட்டிட்டு வாங்கம்மா" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். அதைவிட அவரை வருத்தியது மஞ்சள். கல்யாண வீட்டு மஞ்சளை அவர் கையால் அரைக்கக் கொடுக்கத் தயங்கி, வாசல் வரை வந்த தூக்குவாளிகள் பக்கத்து ஊருக்குப் போயின. அம்மா எதுவும் சொல்லவில்லை. மிளகாய்த் தூளை நைசாக அரைத்துக் கொடுத்தார். இரண்டாம் ஆண்டு தை மாதத்தில் முதல் கல்யாண மஞ்சள் வந்தது.

அதற்கு முன்பே எங்கள் வீட்டிலும் விடுதலைப் பத்திரம் பதிவாகிவிட்டது. மில்லைப் பொறுத்தவரை எழுதிக் கொடுத்தவர்கள் நானும் அண்ணனும், எழுதி வாங்கியவர் அம்மா.

பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்த மூத்த குடிமக்கள், பிள்ளைகள் கைவிட்டால் அதை ரத்து செய்யக் கோரிக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை அணுக, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இடம் தருகிறது. நல்ல சட்டம்தான். ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்ற பிள்ளைக்கு எதிராகக் கோட்டாட்சியர் அலுவலகப் படியேற எத்தனை தாய்மார்களால் முடியும்?

ஆகவே அரசுக்கு ஒரு வேண்டுகோள். கணவரை இழந்த பெண் தன் பங்கை விட்டுக்கொடுத்துப் பத்திரம் பதிய வரும்போது, சார் பதிவாளர் பிள்ளைகளையும் உறவினர்களையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அவர் விட்டுக்கொடுப்பது எவ்வளவு, அதன் இன்றைய மதிப்பு என்ன என்பதை அவருக்குப் புரியும் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகும் அவர் மனமுவந்து கையெழுத்திட்டால் யாரும் குறுக்கே நிற்கப் போவதில்லை.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கும்பகோணம் வட்டம்.