நூல் முனையை உள்ளே மடித்தவர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

முன்னுதாரணம் என்றதும் சாதனையாளர்களையே தேடும் நாம், அன்றாடம் எதிர்ப்படும் தொழிலாளர்களைக் கவனிப்பதில்லை. அண்மையில், அறுந்த என் செருப்பைத் தைத்து முடித்த ஒருவர், நான் கேளாமலேயே மற்றொரு செருப்பின் வாரையும் இழுத்துப் பார்த்து, தளர்ந்திருந்த இடத்தில் இரண்டு தையல் போட்டு, யார் கண்ணிலும் படாத நூல் முனையைக்கூட உள்ளே மடித்துவிட்ட பிறகே கையில் கொடுத்தார்.

மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களில் சிலர், நோயாளிகளுக்கு ஆறுதலாக இருப்பதையும் தம் வேலையின் பகுதியாகவே கருதுவதை ஏமி ரெஸ்நியெவ்ஸ்கி, ஜேன் டட்டன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 2001-இல் எடுத்துக்காட்டினர். இந்த ஈடுபாட்டையே சாக்காக வைத்துக் கூலியைக் குறைப்போரும் உண்டு என்பது வேறு கதை. ஈடுபாட்டோடு உழைக்கும் இத்தகைய தொழிலாளர்களை வாரம் ஒருவராகத் தங்கள் நாளிதழ் அறிமுகப்படுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்