நெம்புகோல் எஸ்பிரெஸோ இயந்திரம் வாங்குவோர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேர்வராயன் மலைக் காப்பியை வீட்டிலேயே எஸ்பிரெஸோவாக (சூடான நீரை அழுத்தத்தில் செலுத்தி வடிக்கும் அடர்காப்பி) வடித்துக் குடிக்க விரும்பி, கையால் இயக்கும் நெம்புகோல் இயந்திரங்களைப் பற்றி விசாரிப்போருக்காக இதை எழுதுகிறேன்.

கொதிகலன் உள்ளதா, இல்லாததா என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டும். இல்லாதவற்றில் தனியே காய்ச்சிய நீரை ஊற்ற வேண்டும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டிலோ நீர் 95 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுவதாலும், குளிர்ந்த உலோகத்தில் பட்டதும் அந்தச் சூடு மேலும் இறங்குவதாலும், நீர்க்கலத்தை முன்பே நன்கு சூடாக்காவிட்டால், குறிப்பாக இளவறுவல் கொட்டையில், புளிப்பே மிஞ்சும். சேலம் நகரில் இச்சிக்கல் குறைவு. கொதிகலன் உள்ளவை அழுத்தத்தில் இயங்குவதால் அவற்றுக்கு உயரம் பொருட்டல்ல. பாலைச் சூடாக்க நீராவியும் பெரும்பாலானவற்றில் கிடைக்கும். பால் இல்லாமல் காப்பி தொண்டையில் இறங்காத நம் வீடுகளுக்கு இது சிறிய வசதியன்று.

அழுத்தம் தருவது சுருள்வில்லா, நேரடியாகக் கையா என்பது என் கருத்தில் இரண்டாம்பட்சமே. அரவையை நுணுக்கமாக மாற்றக்கூடிய அரவை இயந்திரம் இல்லையெனில், பொடி நீரைப் போதிய அளவு தடுக்காததால், எஸ்பிரெஸோவுக்கு வேண்டிய 9 பார் அழுத்தம் (வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு) எதிலும் சரிவர எழாது. அந்த அரவை இயந்திரத்துக்கே தாராளமாகச் செலவிடலாம். ரப்பர் வளையங்கள் தேயக்கூடியவை என்பதால், அவை உதிரியாகக் கிடைக்குமா என்று கேட்டறிந்த பிறகே பணம் கொடுப்பது நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.