குளவேலைக்கும் திகதி குறியுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

எங்கள் பக்கத்துச் சிறு குளமொன்றின் கட்டைத் திருத்தும் வேலை இம்முறையும் ஐப்பசியில்தான் தொடங்கியது. டிப்பர் மண்ணைக் கொட்டிவிட்டுப் போன மறுநாளே மழை. ஊறிய மண்ணில் ரோலர் ஏறினால் கட்டு இறுகாது, ரப்பர் மாதிரித் தளம்பும். தெரிந்துகொண்டே ஓட்டினார்கள். டிசெம்பர் 31 உடன் நிதியாண்டு முடிகிறது, செலவாகாத காசு திறைசேரிக்குத் திரும்பிவிடுமே!

"காசை அடிச்சுப்போட்டாங்கள்" என்றுதான் ஊரில் உடனே பேச்சு வரும். நான் நீர்ப்பாசன வேலைகளில் மேற்பார்வையாளராக இருந்தவன். களவே இல்லை என்று சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் நான் கண்ட பழுதான வேலைகளில் அநேகமானவை காலம் தப்பித் தொடங்கியவை. மதிப்பீடு சித்திரையில் போகும், அங்கீகாரம் ஆடியில் வரும், கேள்விப்பத்திரம் கோரி ஒப்பந்தம் எழுதப் புரட்டாதி முடிந்துவிடும். சிறுபோக நெல்லை அறுவடை செய்தபின் குளம் வற்றிக் கிடக்கும் நாட்கள்தான் மண்வேலைக்கு வாய்ப்பானவை. அவை கடிதப் போக்குவரத்திலேயே போய்விடுகின்றன. அப்புறம் முதல் பில்லுக்குக் காசு பிந்தும், ஒப்பந்தகாரர் ஆட்களை வேறு தளத்துக்கு எடுத்துவிடுவார். குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசுக்குப் போட்ட கொங்கிறீற்றை ஏழு நாளாவது ஈரச்சாக்கு மூடி நனைக்க வேண்டும், நனைக்க ஆளிருக்காது. அதே மேசன், அதே சீமெந்துதான். நேரத்துக்குத் தொடங்கிய இடத்தில் கட்டு நிற்கிறது, பிந்திய இடத்தில் வெடிக்கிறது.

இதைச் சீராக்க வெளியூர் நிபுணர் வரத் தேவையில்லை. இரணைமடுக் குளத்தில் ஒவ்வொரு நெற்போகத்துக்கும் முன் அரசாங்க அதிபர் தலைமையில் கமக்காரரும் நீர்ப்பாசன, கமநல உத்தியோகத்தர்களும் கூடுகிறார்கள். எத்தனை ஏக்கர், தண்ணீர் திறப்பது எப்போது, விதைப்பு எப்போது முடிய வேண்டும், மாடுகளை எப்போது அகற்றுவது எல்லாம் அங்கேயே முடிவாகும். சத்தம், சண்டை எல்லாம் இருக்கும்தான், ஆனாலும் திகதி குறியாமல் யாரும் எழும்புவதில்லை. குளவேலைக்கு மட்டும் கமக்காரனிடம் திகதி கேட்பாரில்லை.

அடுத்த ஆண்டுக்குரிய குளவேலைப் பட்டியலைக் மாரியில் செய்யும் காலபோகத்துக்கான அந்தக் கூட்டத்திலேயே வைக்கட்டும். மாரிக்குள் மதிப்பீட்டை முடித்து, ஆனிக்குள் ஒப்பந்தம் எழுதினால் ஆவணியில் மண்வெட்டும் பெக்கோ இயந்திரம் இறங்கலாம். வேலைத்தளப் பலகையில் தொகையோடு தொடங்கும் திகதி, முடியும் திகதி, பில்லுக்குக் கையெழுத்து வைக்கும் பொறுப்பு யாருடையது என்பவற்றையும் எழுதட்டும். தவணை நீடித்தால் காரணத்தையும் அதே பலகையில் போடலாம், இடம் தாராளமாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேலை மேற்பார்வையாளர்,
முரசுமோட்டை, கிளிநொச்சி.