முறைப்பாடு: வேலி கண்காணிப்புக்குக் கட்டின 48,000 ரூபாவ திருப்பித் தாங்கோ

வாடிக்கையாளர் பிரிவுப் பொறுப்பாளருக்கு,

வணக்கம். இது நாலாவது கடிதம். முதல் மூண்டுக்கும் "உங்கள் முறைப்பாடு பதிவாகியுள்ளது" எண்ட மெசேஜ் மட்டும்தான் வந்தது. நான் இருக்கிறது வெள்ளவத்தையில, காணி பரந்தன்ல. அடிக்கடி போய்ப் பார்க்கேலாது எண்டுதான் சற்றலைட் படத்தால வேலியப் பார்த்துச் சொல்லுற உங்கட பக்கேஜ எடுத்தனான்.

கடைசியா கதைச்ச தம்பி என்ன சொன்னவர் தெரியுமோ, "அக்கா, வேலி உங்கடதானே, போய்ப் பாருங்கோவன்" எண்டு. 40 நிமிசம் லைன்ல நிண்ட பிறகு! அந்தச் சொல்லு இன்னும் காதுக்குள்ள நிக்குது. போய்ப் பார்க்க ஏலுமெண்டா நான் ஏன் காசு கட்டுறன்?

போகாமலும் இருக்கேல்ல. ஆவணியில கிழக்கு வேலி 60 மீற்றர் சிவப்பு எண்டு அலேர்ட் வந்துது, ஆரோ வேலிய வெட்டிக் காணிய பிடிக்கிறாங்கள் எண்டு பதறி, லீவு போட்டு, அண்டிரவே பஸ் ஏறி, விடிய போய் இறங்கினா வேலிக்கு நட்ட கிளிசரியாக் கதியால் எல்லாம் அப்பிடியே நிக்குது. காணி பார்க்கிற ஐயா ஆட்டுக்குக் குழை வெட்டியிருக்கிறார், அவ்வளவுதான். கிளிசரியா வெட்ட வெட்டத் துளிர்க்கும், எங்கட பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இலை குறைஞ்சா, படத்தில பச்சை எவ்வளவு எண்டு காட்டுற என்டிவிஐ எண்ட கணக்கு இறங்கும், அதுக்காக வேலி போச்செண்டு அர்த்தமில்லை. உங்கட சாமான்தானே, உங்களுக்குத் தெரியாதோ?

இப்ப மார்கழியில உண்மையாவே வேலியில பொட்டு, அதான் ஓட்டை, விழுந்துது. தெற்குப் பக்கம் பழைய பூவரசு ரெண்டு சாய்ஞ்சு 12 அடி திறந்து கிடந்தது. ரிப்போர்ட்டில முழு வேலியும் பச்சை! கட்டாக்காலி மாடு அதுக்குள்ளால வந்து கச்சான் முழுக்க மேய்ஞ்சு போட்டுது, என்ட வருசமே போச்சு. கேட்டா உங்கட டெக்னிக்கல் ஆள் சொல்லுறார், சென்டினல்-2 எண்ட சற்றலைட்டின்ட படத்தில ஒரு கட்டம் 10 மீற்றராம், வேலியும் பயிரும் ஒழுங்கையும் ஒரே நிறமா கலந்திடுமாம், மாரியில முகில் மறைச்சா அஞ்சு நாளுக்கு ஒருக்கா வாற படமும் பிரயோசனமில்லையாம். அப்ப ஒரு மீற்றர் அகலமில்லாத வேலிய அதில பார்க்கலாம் எண்டு ஏன் வித்தனீங்கள்?

அதுக்குத்தானே வருசத்தில ரெண்டு தரம் ட்ரோன் பறக்கும் எண்டு பேப்பர்ல போட்டிருந்தனீங்கள். ட்ரோன் படத்தில ஒவ்வொரு கதியாலும் தனித்தனியா தெரியும். ஒருக்காவது வந்ததோ? சிவில் விமான சேவைகள் அதிகார சபையின்ட அனுமதி வரேல்ல எண்டுறீங்கள், எப்ப விண்ணப்பிச்சனீங்கள் எண்டு கேட்டா பதில் இல்ல. அத முதலே சொல்லியிருந்தா நான் கோவிச்சிருக்க மாட்டன்.

தயவுசெய்து வாற வெள்ளிக்கிழமைக்குள்ள முழுக் காசையும் திருப்பிப் போடுங்கோ, பஸ் செலவையும் சேர்த்து. இல்லையெண்டா திங்கட்கிழமை 1977க்கு அடிச்சு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில முறைப்பாடு குடுப்பன், அலேர்ட், ரிப்போர்ட், ஐயா எடுத்தனுப்பின பொட்டுப் படம் எல்லாம் கையில இருக்குது. சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. பதில் சொல்லுறதெண்டா பின்னேரம் 5 மணிக்குப் பிறகு எடுங்கோ, அந்தத் தம்பி மட்டும் எடுக்க வேண்டாம்.