ஆண்டறிக்கை: பாமசியில் பிரஷர் பார்த்த ஒரு வருடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், திருகோணமலை நகரிலும் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பகுதிகளிலும் இருந்து வந்திருக்கும் மருந்தாளர்கள் அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

மாதாந்தக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. குளிரில் வைக்கவேண்டிய மருந்துகள் பற்றிய பயிற்சி நல்லபடி முடிந்தது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மிகுதி நேரத்தை ஒரே வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன்: கடைக்கு வருபவர்களின் குருதி அமுக்கத்தை, அதாவது பிரஷரை, அளந்து, கூடுதலாக உள்ளவர்களை வைத்தியரிடம் அனுப்பும் வேலை.

உலகில் 30 முதல் 79 வயது வரையானவர்களில் ஏறத்தாழ 128 கோடிப் பேருக்கு உயர் குருதி அமுக்கம் இருப்பதாகவும், அவர்களில் 46 சதவீதமானோருக்கு அது தெரியாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவித்தது. தெரியாதவர் கிளினிக்குக்குப் போகமாட்டார். ஆனால் பனடோல் வாங்க நம்மிடம் வருவார். அரசாங்க நிலையங்களில் இலவசமாகவே பார்க்கிறார்கள்தான். ஆனால் கடலுக்குப் போகிறவரும் ஓட்டோ ஓட்டுகிறவரும் அவை திறந்திருக்கும் நேரத்தில் தொழிலில் நிற்பார்கள். நமது கடைகள் இரவிலும் திறந்திருக்கின்றன.

திருக்கடலூரைச் சேர்ந்த ஒரு ஐயா தோள்மூட்டு நோவுக்கு டைக்ளோபெனாக் கேட்டு நமது உறுப்பினர் ஒருவரின் கடைக்கு வந்தார். அந்தக் குளிசை அமுக்கத்தைக் கூட்டக்கூடியது என்பதால், வைத்தியர் எழுதிய மருந்துத் துண்டு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உறுப்பினர் அவரை இருத்தினார். “எனக்கு ஒரு வருத்தமும் இல்லை தம்பி, கெதியா தாங்கோ” என்றார் ஐயா. ஐந்து நிமிடம் இருக்கவிட்டு அளந்ததில் 172/104. சற்றுப் பொறுத்து மறுபடி அளந்தபோது 168/102. அப்புறம் ஐயா கேட்டது, “அப்ப அதுக்கும் ஒரு குளிசை தாங்கோவன்.” இங்கேதான் நாம் உறுதியாக நிற்கவேண்டும். ஒருநாள் அளந்து நோய் இன்னதென்று முடிவு சொல்வதும், துண்டில்லாமல் அமுக்கத்தைக் குறைக்கும் அம்லோடிபின் கொடுப்பதும் நமது வேலையல்ல. இரண்டு அளவுகளையும், திகதி, நேரத்தையும், அவர் பாவிக்கும் மருந்துகளையும் உறுப்பினர் எழுதிக் கொடுத்து, வைத்தியரிடம் காட்டச் சொன்னார். ஐயா போகவில்லை. பிறகு மருந்து வாங்க வந்த அவருடைய மனைவியிடம் சொன்னதும், அந்த அம்மா கையோடு கூட்டிப்போனார். இப்போது ஐயா கிளினிக் கொப்பியோடு மாதாமாதம் வருகிறார்.

அளக்கும் முறையில் நாம் இன்னும் திருந்தவேண்டும். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவரை நிற்கவைத்தே அளப்பது, அளக்கும்போது கதை கொடுப்பது, பருத்த கைக்குச் சின்னப் பட்டியைச் சுற்றுவது, கையைத் தொங்கவிடுவது எல்லாமே அளவைக் கூட்டிக் காட்டும். முதுகு சாய்ந்து, கால் தரையில் பட, கை நெஞ்சு மட்டத்தில் இருக்கவேண்டும். அரை மணிநேரத்துக்குள் தேத்தண்ணி, சிகரெட் கூடாது. இடம் இல்லை என்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு கதிரையும் ஒரு சின்ன மேசையும் போதும். 140/90 அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் வைத்தியரிடம் அனுப்புங்கள். 180/120ஐத் தாண்டி, நெஞ்சு நோவோ மூச்சுத் திணறலோ பேச்சுக் குழறலோ இருந்தால் வைத்தியருக்குத் துண்டு எழுதிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

இங்கிலாந்தில் 2021 ஒக்டோபர் தொடக்கம் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குப் பாமசியிலேயே இலவசமாகப் பார்க்கிறார்கள். கூடுதலாக இருந்தால் 24 மணிநேரம் அளக்கும் கருவியையும் கட்டி அனுப்புகிறார்கள். அதற்கான செலவைப் பாமசிக்கு அரசு கொடுக்கிறது. நமக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் காசு வாங்கக்கூடாது என்பதே எனது உறுதியான கருத்து. காசு என்றால் முதலில் விலகிப்போவது நாம் தேடும் அந்த ஆட்கள்தான்.

நாம் அனுப்பியவர் வைத்தியரிடம் போனாரா என்பது பெரும்பாலும் நமக்குத் தெரிய வருவதில்லை. இது எனக்குப் பெரிய மனக்கவலை. சம்மதம் தருபவர்களின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி, இரண்டு வாரத்தில் கேட்டுப் பார்ப்பதென்று செயற்குழு முடிவு செய்துள்ளது. வைத்தியரிடம் அனுப்பும்போது கொடுப்பதற்கு எல்லாக் கடைகளுக்கும் பொதுவான ஒரு துண்டை அச்சடிக்க, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையுடன் புதிய நிர்வாகம் பேசவேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தத்தமது கடையில் பாவிக்கும் கருவியையும் பட்டிகளையும் கொண்டுவாருங்கள். ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து, பிழையாகக் காட்டுவதை ஒதுக்குவோம்.

நன்றி.
செயலாளர்