கழுத்து வலிப் படிவத்தைப் படிக்காமல் அளித்த பயிற்சி குறித்த புகார்

நாள்: 9.10.2025

அனுப்புநர்: மாட்டுங்கா கிளை உறுப்பினர், மும்பை.
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர், தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: தனிப்பயிற்சியில் நேர்ந்த சேவைக் குறைபாடு – மீதமுள்ள 15 வகுப்புகளுக்கான தொகையைத் திரும்பக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் உடற்பயிற்சிக்கூடத்தின் மாட்டுங்கா கிளையில் இவ்வாண்டு ஜூன் 2ஆம் தேதி, 36 தனிப்பயிற்சி வகுப்புகளுக்கு 32,400 ரூபாய் செலுத்திச் சேர்ந்தேன். கிளையில் இந்தியில் இரண்டு முறையும் செயலி வழியாக ஆங்கிலத்தில் ஒரு முறையும் முறையிட்டுப் பயனில்லாமல் போனதாலும், தலைமை அலுவலகம் சென்னையில் இருப்பதாலும், இதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

சேர்ந்த அன்று உடல்நலப் படிவம் ஒன்றை நிரப்பச் சொன்னார்கள். அதில் அச்சிட்டிருந்த மனித உருவத்தின் பின்கழுத்தில் வலப்பக்கம் நீல மையால் வட்டமிட்டு, அங்கிருந்து கட்டைவிரல் வரை ஒரு கோடும் இழுத்து, கழுத்தெலும்பின் ஐந்தாம், ஆறாம் கணுக்களுக்கு இடையிலுள்ள தட்டு தேய்ந்திருப்பதையும், நரம்பு அழுந்தும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போவதையும் எழுதிக் கொடுத்தேன். பதினெட்டு ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்ப்பவள் நான். போதாததற்கு, தினமும் சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) ரயில் நிலையம் வரை லோக்கல் ரயிலில் ஒரு தோளில் பையும் ஒரு கையில் கைப்பேசியுமாக நின்றுகொண்டே போய் வருகிறேன்.

முதலில் அமர்த்தப்பட்ட பயிற்சியாளர் அந்தப் படிவத்தை என் எதிரிலேயே இரண்டு முறை படித்தார். எடை மாட்டிய நீளக் கம்பியான பார்பெல்லைக் கழுத்தடியில் தாங்கும் ஸ்க்வாட்டைத் தவிர்த்து, டம்பெல்லை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்து எழ வைத்தார். தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் செய்யும்போது கண்ணாடியைப் பார்க்கத் தலையைத் தூக்கும் வழக்கம் எனக்கு இருந்ததால், ஆறடி தள்ளித் தரையில் சிவப்பு டேப் துண்டு ஒன்றை ஒட்டி, பார்வை அதைவிட்டு விலகக் கூடாது என்றார். வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று ஒவ்வொரு செட்டுக்குப் பின்னும் கேட்பார். மூன்றுக்குள் இருந்து மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் அதே எடை, ஏறினால் எடையைக் குறைப்பது, விரல் மரத்தால் அன்றைக்கு அந்தப் பயிற்சியே இல்லை என்பது அவர் வகுத்த கணக்கு. இருபது வகுப்புகளில் 12 கிலோவில் தொடங்கி 40 கிலோ வரை தூக்கினேன். இரவில் தலையணையை மடித்தும் விரித்தும் புரண்டுகொண்டிருந்த வழக்கமும் நின்றது.

ஆகஸ்ட் 13ஆம் தேதி, எனக்கு முன்கூட்டித் தெரிவிக்காமலேயே வேறொருவர் வந்து நின்றார். படிவத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, எல்லாம் தெரியும் என்றார். பிறகு, செங்குத்துத் தண்டுகளில் எடைக்கம்பி (பார்) ஏறி இறங்கும் ஸ்மித் மெஷினில் என்னை உட்கார வைத்து, பாரைத் தலைக்குப் பின்னால் இறக்கி ஏற்றச் சொன்னார். பார் இறங்க வழிவிட வேண்டுமானால் கழுத்து முன்னே துருத்தியாக வேண்டும், தோள்கள் அவற்றின் எல்லை வரை பின்னோக்கித் திரும்பியாக வேண்டும். என் போன்ற கழுத்துக்கு இது ஆகாது என்பதை அறிய மருத்துவம் படித்திருக்கத் தேவையில்லை, அந்த நீல வட்டத்தைப் பார்த்திருந்தாலே போதும். இரண்டாவது செட்டில் கட்டைவிரல் மரப்பதாகச் சொன்னேன். உடம்பு சூடானால் சரியாகிவிடும் என்று கூறி செட்டை முடிக்க வைத்ததோடு நில்லாமல், இறுக்கத்தை எடுப்பதாகச் சொல்லி என் தலையைப் பிடித்து இடப்பக்கமாக இழுத்தார்.

அடுத்த பதினொரு நாட்கள், பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க உடம்போடு சேர்த்துத் திரும்பினேன். கையில் பலம் குறையவில்லை என்பதால் ஸ்கேன் தேவையில்லை என்ற மருத்துவர், பிசியோதெரபியும் ஆறு வார ஓய்வும் எழுதிக் கொடுத்தார். அந்தச் சான்றிதழுடன் சென்று வகுப்புகளை நிறுத்தி வைக்கக் கேட்டபோது, 15 நாட்களுக்கு மேல் செயலி ஏற்காது என்றார்கள். அக்டோபர் 1ஆம் தேதியோடு 15 வகுப்புகளும் காலாவதியாகிவிட்டன. என் படிவமே கிளையில் இல்லை என்றும் முதலில் சாதித்தார்கள். நான் நகராமல் நின்றதால் வரவேற்பு மேசையின் இழுப்பறையைத் திறந்து, லாக்கர் சாவிக்கொத்துகளுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். பழைய பயிற்சியாளர் ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்புகள்கூட அழியாமல் இருந்தன.

கழுத்து வலி உள்ளவர்கள் எடை தூக்குவது அவரவர் பொறுப்பு என்று உங்கள் மின்னஞ்சல் கூறுகிறது. எடைப் பயிற்சி மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. நாள்பட்ட கழுத்து வலி உடைய 180 அலுவலகப் பெண்களை வைத்து பின்லாந்தில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு கழுத்தசைகளுக்குப் பயிற்சி செய்தவர்களுக்கு வலி தெளிவாகக் குறைந்தது. உங்கள் கிளையிலேயே இருபது வகுப்புகளில் நானும் அதைக் கண்டேன். எனக்குக் கேடு செய்தது எடை அல்ல. காசு வாங்கிக்கொண்டு எழுதி வாங்கிய தகவலைப் பயிற்சி கொடுப்பவரிடம் சேர்க்காத உங்கள் அலட்சியம்.

ஆகவே, 15 வகுப்புகளுக்குரிய 13,500 ரூபாயையும், மூன்று முறை பிசியோதெரபிக்குச் செலவான 2,400 ரூபாயையும் பதினைந்து நாட்களுக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பழைய பயிற்சியாளரையே மீண்டும் அமர்த்தி, வகுப்புகளுக்கு மூன்று மாத அவகாசம் தருவதானால், 13,500 ரூபாய்க்குப் பதிலாக அதை ஏற்கவும் தயார். தவறினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வதோடு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர இடம் அளிப்பதால், இங்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகுவேன்.

இப்படிக்கு,
மாட்டுங்கா கிளை உறுப்பினர்

இணைப்பு: கட்டண ரசீது, மருத்துவச் சான்றிதழ், பிசியோதெரபி ரசீதுகள், படிவத்தின் நகல். (மூலப் படிவம் என்னிடம் உள்ளது.)