பக் வீவர் பேர மட்டும் தனியா எடுத்து எழுதுங்க, கமிஷனர் சார்

மேஜர் லீக் பேஸ்பால் கமிஷனர் சாருக்கு,

வணக்கம். 2025 மே 13 அன்னைக்கு நீங்க எடுத்த முடிவ படிச்சுட்டு முதல்ல சந்தோஷமா தான் இருந்துச்சு, ரெண்டாவது வாட்டி படிச்சப்ப தான் வயிறு எரிஞ்சுது. வாழ்நாள் தடை வாங்குன ஆள் செத்துட்டா தடையும் அதோட முடிஞ்சுது, செத்தவரால ஆட்டத்தோட நேர்மைக்கு என்ன ஆபத்துன்னு கேக்குறீங்க. நியாயம் தான். ஆனா 1919 சூதாட்ட விவகாரத்துல தடை வாங்குன ஒயிட் சாக்ஸ் டீம் ஆட்டக்காரர் பக் வீவர் செத்தது 1956 ஜனவரில. அப்ப 69 வருஷமா மண்ணுக்குள்ள படுத்துக்கிட்டு அவர் என்ன ஆபத்து பண்ணிட்டு இருந்தார்? பேஸ்பால் மேட்ச்ல பந்தயம் கட்டி தடை வாங்குன பீட் ரோஸ் போய் சேந்து அவங்க வீட்டுல மனு போட்டதால தான இந்த பழைய ஃபைலெல்லாம் தூசி தட்டுனீங்க?

1919 கதைய உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன. 88 மேட்ச் ஜெயிச்சு அமெரிக்கன் லீக்ல முதல்ல வந்த ஒயிட் சாக்ஸ், வேர்ல்ட் சீரிஸ் ஃபைனல்ல சின்சினாட்டி கிட்ட 5க்கு 3ன்னு தோத்தாங்க, சூதாடிங்களுக்காக வேணும்னே தோத்தாங்கன்னு எட்டு பேர் மாட்டுனாங்க. அதுல சிகாட் 10,000 டாலர் வாங்கினார். எல்லாரும் பாவம் பாவம்ங்கிற ஜோ ஜாக்சன் கூட 5,000 வாங்கினார். வீவர் வாங்கினது? ஒரு பைசா இல்ல. எட்டு மேட்ச்லயும் ஆடி 11 ஹிட், சராசரி .324, தேர்ட் பேஸ்ல நின்னு ஒரு எரர் கூட பண்ணல. தோக்கணும்னு ஆடுறவன் இப்படியா சார் ஆடுவான்?

அவர் மேல தப்பே இல்லன்னு சொல்ல வரல. பேரம் பேசுன எடத்துல உக்காந்திருந்தார், கேட்டார், வெளிய வந்து வாயத் திறக்கல. கூட ஆடுறவங்கள காட்டிக் குடுக்க மனசு வரல போல. அதுக்கு ஒரு வருஷம் ரெண்டு வருஷம் வெளிய உக்கார வச்சிருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டோம்.

எனக்கு ஆறவே ஆறாதது அந்த 1921 கேஸ் தான். என்னை தனியா விசாரிங்கன்னு கேட்டார், முடியாதுன்னுட்டாங்க. பணம் வாங்கினவங்களோட ஒரே வரிசைல உக்கார வச்சே கேஸ நடத்துனாங்க. ஆகஸ்ட் 2ஆம் தேதி ராத்திரி ஜூரி எல்லாரையும் விடுதலை பண்ணிச்சு. அப்பாடான்னு ஒரு ராத்திரி தூங்கியிருப்பாரா? மறுநாளே அப்போதைய கமிஷனர் லாண்டிஸ் அறிக்கை விட்டுட்டார், ஜூரி என்ன சொன்னா எனக்கென்னன்னு. மேட்ச தோத்துக் குடுத்தவன், தோத்துக் குடுக்க ஒத்துக்கிட்டவன், அது வரைக்கும் சரி, அதுக்கு அப்புறம் இன்னொன்னு சேத்தார் பாருங்க, பேசுனத கேட்டுட்டு கிளப் கிட்ட உடனே சொல்லாதவனும் இனிமே ஆட முடியாதுன்னு. அந்த கடைசி துண்டு வீவருக்குன்னே தச்ச சட்டை. அப்ப அவருக்கு 30 வயசு, முந்தின சீசன்ல தான் .331 அடிச்சிருந்தார்.

கேட்டுட்டு சும்மா இருந்தது தான் குத்தம்னா ஓனர் காமிஸ்கி என்ன பண்ணார்? முதல் மேட்ச் முடிஞ்ச உடனேயே அவர் காதுக்கு விஷயம் வந்துடுச்சு. சீரிஸ் முடிஞ்சு அந்த எட்டு பேரோட சீரிஸ் பங்குப் பண செக்க நிறுத்தி வச்சார், சந்தேகம் இல்லாமயா நிறுத்துவாங்க? அப்புறம் காண்டில் தவிர மத்த ஏழு பேரையும் வச்சே 1920 சீசன ஓட்டினார், செப்டம்பர் கடைசில கிராண்ட் ஜூரி கழுத்தப் புடிக்கிற வரைக்கும். அவருக்கு ஹால் ஆஃப் ஃபேம்ல இடம், லாண்டிஸுக்கும் இடம். பிளேயர் வாய மூடினா துரோகம், முதலாளி வாய மூடினா பிசினஸ் போல. நல்லா இருக்கு சார் உங்க கணக்கு! இதுல இன்னொரு கூத்து, 1921 சம்பளத்த கேட்டு வீவர் கேஸ் போட்டப்ப அதே கிளப் காசு குடுத்து சமாதானம் ஆயிடுச்சு. மோசடிக்காரன்னு நிஜமாவே நம்பியிருந்தா எதுக்கு காசு?

கோவத்துல என்னென்னமோ எழுதிட்டேன், மன்னிச்சுக்கோங்க. விஷயத்துக்கு வரேன். வீவர் பேர மத்த ஏழு பேர்கிட்ட இருந்து தனியா எடுத்து எழுதுங்க. அவர் பணம் வாங்கல, நேர்மையா தான் ஆடினார், வாழ்நாள் தடை அவருக்கு அதிகம்னு உங்க ஆபீஸ் பேர்ல எழுத்துல வரணும். செத்துட்டார் அதனால விட்டுட்டோம்ங்கிறது இதுக்கு பதில் ஆகாது, அது சிகாட்டுக்கும் காண்டிலுக்கும் கூட கிடைச்சது தான.

ஹால் ஆஃப் ஃபேம் கேக்கல, மொத்த கரியர் சராசரி .272 தான், அந்த ஆசையெல்லாம் எனக்கு இல்ல. அந்த மனுஷன் மருந்துக் கடைல வேல பார்த்து, கடைசில குதிரை ரேஸ்ல பந்தயச் சீட்டு கவுன்டர்ல உக்காந்து பொழச்சிருக்கார், சூதாட்டம்னு சொல்லி துரத்துனவர இப்படித்தான் உக்கார வச்சீங்க. அதுக்கு நடுவுல உங்க ஆபீஸுக்கு திரும்பத் திரும்ப மனு. 1953ல, 60 வயசு தாண்டின அப்புறமும், அப்போதைய கமிஷனர் ஃபோர்ட் ஃபிரிக்குக்கு ஒரு லெட்டர். அப்ப என்ன, திரும்ப வந்து ஆடவா போறார்? பேருக்காகத் தான கேட்டார்.

உங்க மே 13 முடிவுக்கு கீழ தயவு செஞ்சு ஒரே ஒரு பாரா சேருங்க சார். ஃபைல்ல ஜார்ஜ் டேனியல் வீவர்னு இருக்கும், தேர்ட் பேஸ்.